கதிரடிக்கும் சத்தத்தில்

முதல் கூடை மக்காச்சோளக் கதிரைக் கொட்டியதும் மெஷின் குலுங்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

"பெரியம்மா, தெனமும் இங்கியே நின்னுகினு கீறியே, காது செவுடாப் பூடும். அந்தாண்ட போயி மத்தவங்களோட கதிர் பொறுக்கலாமில்ல?" மெஷினை ஓட்டும் டிராக்டர் மேல் உட்கார்ந்து ரியாசுதீன் கூவினான்.

"செவுடானா ஒன் பேச்சக் கேக்காம நிம்மதியா இருப்பேன், போடா" என்றாள் மாணிக்கம்மாள்.

அது அவனுக்குக் கேட்கவில்லை. பல்லைக் காட்டித் தலையாட்டினான்.

அவளுக்கு வேண்டியதே அந்தச் சத்தம்தான்.

இந்தப் பக்கம் அவள் கதிரைக் கொட்டுவாள். உள்ளே மணி வேறு, சக்கை வேறாகும். சக்கை தூரப் போய் விழும். மணி அந்தப் பக்கம் மருமகள் பவித்ரா பிடித்திருக்கும் சாக்கில் கொட்டும். நடுவில் ஆளை மறைக்கிற மெஷின். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது.

மகன் மதிவாணன் போய் இரண்டு வருஷம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்த பிள்ளை, வீடு வந்து சேரவில்லை.

பெற்றவள் அழ வேண்டாமா? அழத்தான் இடமில்லை. டவுன்ஷிப்பில் யாரோ ஒருவர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறை. கை நீட்டினால் பவித்ரா. இருட்டில் இவள் மூக்கை உறிஞ்சினாலே அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமை பவித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குறிஞ்சிப்பாடி சிவப்பிரகாசம், தறிக்காரர். தேடிப் பிடித்தது மாணிக்கம்மாள்தான். கெஞ்சினாள், திட்டினாள், சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்தாள். அப்புறம்தான் பெண் தலையாட்டியது.

அதற்கும் ஒரு நிபந்தனை.

"நீ ஒருவாட்டி அழுது நான் பாத்தேன்னு வையி அத்தை, மாப்பிள்ளைய அடுத்த பஸ்லியே திருப்பி அனுப்பிடுவேன்."

"நான் ஏண்டி அழுவப்போறேன்? தொல்ல வுட்டுதுன்னு கறி எடுத்தாந்து ஆக்கித் தின்னுகினு கெடப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த அறையில் ஒரே சிரிப்பு. பவித்ரா பாட்டுப் பாடிக்கொண்டு சோறாக்கினாள். பெண் மனசு ஆறிவிட்டது, நாம்தான் கெடுத்துவிடக் கூடாது என்று மாணிக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வளையமாதேவிப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைகளில் கதிரடிக்கக் கூப்பிட்டார்கள். மெஷினண்டை நிற்கும் வேலையைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

தூசிக்காக மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டால் முகம் பாதி மறைந்துவிடும். மெஷின் கத்தும்போது அவளும் கத்துவாள். அடிவயிற்றிலிருந்து.

"மதீ... ஒம் பொண்டாட்டிய நானே அனுப்பறேன்டா... கோச்சிக்காதடா எஞ்சாமி..."

இன்றைக்குக் கடைசிக் கொல்லை. இனி இந்தச் சத்தம் அடுத்த வருஷம்தான். அதனால் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். கடைசிக் கூடைக் கதிரும் உள்ளே போய்த் தீர்ந்ததை அவள் பார்க்கவில்லை.

ரியாசுதீன் பார்த்தான். மெஷினை நிறுத்தினான்.

சத்தம் பட்டென்று அறுந்தது.

மாணிக்கம்மாள் துண்டோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டிருக்குமா? கேட்டிருந்தால் கல்யாணம் போச்சு.

ஆனால் அழுகை நிற்கவில்லை.

"மதீ... அத்தையத் தனியா வுட்டுட்டுப் போறேனே மதீ..."

குரல் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. வந்த வேகத்தில், கையால் அமுக்கினது போல நின்றது.

ரியாசுதீன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான்.

நாலு எட்டு வைத்தால் மருமகளைக் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டால் அப்புறம் இரண்டு பேரில் யார் யாரை அனுப்புவது?

மாணிக்கம்மாள் டிராக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா நிறுத்துன? ஓட்டு."

"கதிர் தீந்துபோச்சே பெரியம்மா."

"வெறும் மெஷினையே செத்த நேரம் ஓட்டு கண்ணு."

அவன் குனிந்து ஓட்டிவிட்டான்.

மெஷின் கத்தியது. மாணிக்கம்மாள் இந்தப் பக்கமே நின்றாள். அழவில்லை. அந்தப் பக்கம் அழுது தீரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.