விசாரிக்க வந்தவரின் நாற்காலி

கதிரேசனை மனநல வார்டில் சேர்த்து நாற்பது நாளாகிறது. இத்தனை நாளில் ஒரு சொல் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தங்கவைக்கும் அளவுக்கு நோய் இருக்கிறதா என்று நேரில் பார்க்க, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்து, கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். கதிரேசன் மெல்ல எழுந்தார். இருபத்தாறு வருடம் மெஸ்ஸில் பரிமாறிய அதே குரலில் கேட்டார்: “வாங்க தம்பி, சாப்ட்டீங்களா?”

அவர் மனைவி பொற்கொடி, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள்.

“ஆச்சுங்க. நீங்க?” என்றார் இளைஞர்.

“நமக்கென்ன தம்பி, கடைசிப் பந்தியில பாத்துக்கலாம்.”

இளைஞர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

“நாப்பது நாளா வாயே தொறக்கலீங்க, சத்தியமா. இன்னிக்குத்தான்...” என்றாள் பொற்கொடி.

“நல்லாத்தானேம்மா பேசறாரு? வீட்டுல வெச்சே பாக்கலாம்னுதான் நான் எழுத முடியும்.”

“வீட்டுல கதவச் சாத்திக்கிட்டாருன்னா, ஒத்தையில நான் என்னங்க பண்ணுவேன்?”

இளைஞர் மடியிலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதிரேசன் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பொற்கொடி திட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு மனம் மாறி, அந்த இளைஞர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலை அவரைப் போலவே மடியில் வைத்துக்கொண்டாள். கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.