குட்டைராணியின் கண்டுபிடிப்பு

“என்னம்மா குட்டைராணி, மூணு வருஷமா குட்டையைக் கலக்கிக்கிட்டே இருக்கீங்க. மீன் ஏதும் மாட்டுச்சா?”

ஆய்வகத்துக்குள் நுழையும்போதே மேனேஜர் சீண்டினார். அந்த மருந்துக் கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே அவர்தான். ஏரி நீரில் வாழும் பாக்டீரியாக்களில் புது மருந்து தேடுவது அவள் வேலை. இன்றும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அவள் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டை நீட்டினாள். ஏரி பாக்டீரியாவிலிருந்து எடுத்த சாறு விழுந்த இடத்தில் மட்டும் நோய்க்கிருமிகள் பூண்டோடு அழிந்திருந்தன.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. “அடி சக்கை! முதலாளிக்கு இப்பவே போன் போடுறேன். மருந்துக்கு என்ன பேரு வைக்கலாம், சொல்லுங்க.”

“பேரு ஏற்கெனவே வச்சாச்சு சார். நம்ம கம்பெனி தொண்டைப் புண்ணுக்கு விக்கிற மாத்திரைதான் இது.”

“விளையாடாதீங்கம்மா. நம்ம மாத்திரையை பாக்டீரியா எப்படிச் செய்யும்?”

“அது செய்யலை சார். நாமதான் செஞ்சு, மிச்சத்தைக் கழிவுக் குழாய் வழியா ஏரியில விடுறோம். அந்தத் தண்ணியில கலந்திருந்தது சாறோட சேர்ந்து வந்திருக்கு.”

மேனேஜர் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்று அவள் மேசையைக் காலி செய்யத் தொடங்கினாள்.

“எங்கே கிளம்பிட்டீங்க? உட்காருங்க. இனிமே அதே மாத்திரையை ‘ஏரி தந்த இயற்கை மருந்து’ன்னு விக்கிறோம். விலை ரெண்டு மடங்கு. நீங்கதான் தலைமை ஆய்வாளர்.”

அவள் கையில் எடுத்ததை மேசையிலேயே வைத்தாள். “அப்போ, அந்தக் குழாயை மூட வேண்டாமா சார்?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! குழாயை மூடிட்டா, அப்புறம் இயற்கைக்கு நாம எங்கே போறது?”