உப்பளத்தில் ஒரு பாராட்டு விழா

வெக்கையைத் தணிக்கவென்று தூத்துக்குடிக் கடலில் அரசுக் கப்பல்கள் உப்புநீரை வானத்தில் தூவத் தூவ, மேகங்கள் பஞ்சுமூட்டையாய் வெளுத்து வெயிலை மறித்து நின்றன. ஊர் குளிர்ந்துவிட்டதென்று உப்பளத்திலேயே பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். வெயிலே இல்லாதபோது பந்தல் எதற்கென்று உப்பு வாரும் பேச்சித்தாய்க்கு விளங்கவில்லை.

திட்ட அதிகாரி, உப்பளத் தொழிலாளர்கள் சார்பில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, செயற்கைக்கோள் எடுத்த மேகப் படத்தைக் காட்டினார்.

"பாரும்மா, எவ்வளவு வெள்ளை!"

"முன்னெல்லாம் இந்த வெள்ளை கீழ பாத்தியில கெடந்துச்சுய்யா. இப்ப வெறும் தண்ணிதான் நிக்கு. வெயில் இல்லாம உப்பு எங்க வெளையும், உலை எங்க கொதிக்கும்? இந்த மேகம் எப்பய்யா கலையும்?"

"கலையவே கலையாது! அதுதானேம்மா நம்ம சாதனை!"

பந்தலே கைதட்டியது. குளிருக்குப் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேச்சித்தாயும் தட்டினாள்.