எதிர்க்கடைக்காரரின் கடிதம்

மகள் பார்மசி படிப்பில் சேர, உறவினர் அல்லாத ஒரு மருந்தாளுநரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அப்பாவே மருந்தாளுநர்தான், என்ன பயன்? ஊரில் இருந்த இன்னொரு மருந்தாளுநர் எதிர்க்கடைக்காரர். ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அவரிடம் அப்பா போய் நின்றார்.

"நாளைக்குக் கடைசி நாள். நம்ம சண்டையை என் பொண்ணு மேல காட்டாதீங்க."

எதிர்க்கடைக்காரர், அப்பா கொடுத்த பரிந்துரைப் படிவத்தைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "நான் எழுதக் கூடாதுங்க. சொந்தக்காரங்க ஆகாதுன்னு போட்டிருக்கே."

"நீங்க எந்த வகையில எனக்குச் சொந்தம்?"

"பொண்ணு ஒண்ணும் சொல்லலையா? ஞாயித்துக்கிழமை என் பையனுக்கு அவளைக் கேட்டு உங்க வீட்டுக்கு வர்றதா இருக்கோம்."

அப்பா பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. எழுதுங்க சம்பந்தி."