அணிலின் அணைப்பு

மலைக்காட்டில் மூன்று நாளாக விடாத மழை. தாழ்ந்த மரப்பொந்தில் இருந்த அணில், வேரடியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த தவளையைப் பார்த்துப் பதறிப்போனது.

“அடப்பாவமே, விறைச்சுப் போயிடுவே! உள்ளே வா.”

தவளை ஏறி வந்ததும் அணில் அதை மார்போடு இறுக அணைத்துக்கொண்டது. தன் வாலையும் எடுத்து அதற்குப் போர்த்திவிட்டது.

சிறிது நேரத்தில் அணிலுக்கு வயிறு சில்லிட்டது. அப்புறம் கால்கள் மரத்துப்போயின. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. ஆனாலும் அது பிடியை விடவில்லை.

“இப்போ உனக்குச் சூடு வந்துச்சா?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டது.

“எனக்கா?” தவளை திடுக்கிட்டது. “எனக்குக் குளிரவே இல்லையே! மழைன்னா எனக்குக் கொண்டாட்டம். நீதான் தனியா நடுங்குறியோன்னு பாவப்பட்டு வந்தேன்.”

அணில் பிடியை விட்டது.

“ஐயையோ! உன் சூட்டையெல்லாம் நான்தான் உறிஞ்சிட்டிருக்கேன்!” என்று அலறியபடி தவளை வெளியே தாவியது.

அணில் ஈரத்தை உதறிவிட்டு, வாலைத் தன்மேல் போர்த்திச் சுருண்டுகொண்டது. உடம்பில் மெல்லச் சூடு திரும்பியது.

மழைக்குள்ளிருந்து தவளை கத்தியது: “நண்பா, உயிரோட இருக்கியா?”

“இருக்கேன்,” என்றது அணில். “நீ அங்கேயே இரு.”