ஒரு கூடை மண்

மிசிசிப்பியில் தன் பருத்திக்காட்டின் நடுவே நின்ற, பழங்குடிகள் தங்கள் முன்னோரைப் புதைத்துக் கட்டிய மண்மேட்டை, வீடு கட்ட இடைஞ்சல் என்று ஹார்லன் ஒரே பகலில் புல்டோசரால் தரைமட்டமாக்கினான். உள்ளிருந்து வந்த எலும்புகளும் மண்ணோடு மண்ணாகச் சாலைப் பள்ளத்துக்குப் போயின.

மறுநாள் காலை, மேடு இருந்த இடத்தில் ஒரு கூடை சிவப்பு மண் கொட்டிக் கிடந்தது. அள்ளி எறிந்தான். அடுத்த நாள் கறுப்பு மண். அதற்கடுத்த நாள் வெள்ளை மணல்.

பக்கத்து நிலத்து சோக்டா பழங்குடிப் பெண் வெர்னாவின் வேலிக்குப் போய்க் கத்தினான்.

"ஏய், இது உன் ஆளுங்க வேலதானே?"

வெர்னா துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை. "எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு. அந்த மேட்டக் கட்டினவங்களப் போய்க் கேளு. அவங்கதான் கூடையில சுமந்தாங்க."

"செத்தவங்ககிட்டயா?"

"எலும்ப எங்க கொட்டினேன்னு உனக்குத்தானே தெரியும்?"

ஞாயிறு காலை கிடந்த மண் ஈரமாக இருந்தது. மண்வெட்டியை ஓங்கியவன் அப்படியே நின்றான். மண்ணில் ஒரு நீல பிளாஸ்டிக் ரோஜா செருகியிருந்தது. போன வாரம் தன் அம்மாவின் கல்லறையில் அவனே குத்திவைத்தது.

அந்த மண்ணையும் அதன்பின் தினமும் வந்த மண்ணையும் அவன் அள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை.

மேடு இப்போது இடுப்பு உயரம்.