பின்கதவுத் தூண்

காரின் கதவைத் திறந்து, அதன் அடிமுனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார் தச்சர்.

ஆடவில்லை. கதவைத் தாங்கும் மரத்தூண் உளுத்திருந்தால் இந்நேரம் கதவு கையோடு வந்திருக்கும்.

வெளியே தகரம், உள்ளே மரக்கூடு. ஒரு காலத்தில் சில கார்களை அப்படித்தான் செய்தார்கள். தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, வண்ணம் பூசி, யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம். மரத்திடம் அந்த ஜம்பம் பலிக்காது. அதனால்தான் வாங்க வந்த தங்கை கணவர் இவரைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

தங்கை கணவர் பல் டாக்டர். பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கிற வேலையை இன்றைக்கு மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். பிறகு, வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தால் சந்துக்குள் திரும்புமா என்று பார்க்கத் தெருமுனைக்குப் போனார்.

விற்பவர் ஒரு தையற்கார அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா கிடந்தது. ஷெட் வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

கார் தம்பியுடையதாம். தம்பி போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறதாம். மாரடைப்பு, ஆஸ்பத்திரியில். காருக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கேட்காமலே சொன்னார்.

தச்சர் கால்மிதியைச் சுருட்டிவிட்டு அடிக்கட்டையில் குத்தூசியை அழுத்தினார். இற்ற மரமென்றால் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கும். இங்கே முனை வழுக்கியது. மழைத்தண்ணீர் தேங்கும் ஜன்னல் மூலைகளில் மூக்கை வைத்துப் பார்த்தார். பூஞ்சை வாடை இல்லை. எட்டு வருஷம் நின்ற வண்டிக்கு இது அதிசயம்தான்.

கடைசியாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, விரல் முட்டியால் ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டு வந்தார். தூணுக்கு மூன்று தட்டு. நல்ல மரம் கணீரென்று பேசும்.

இடப்பக்கத் தூணில் மூன்று தட்டினார்.

இரண்டு தட்டு திரும்பி வந்தது.

கை அப்படியே நின்றது. பிறகு சுதாரித்துக்கொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னார். மரத்தைத் துளைக்கிற ஒருவகை வண்டு உண்டு. தலையால் முட்டித்தான் ஜோடியைக் கூப்பிடும். நாம் தட்டினால், ஜோடிதான் கூப்பிடுகிறது என்று அதுவும் தட்டும்.

அந்த அம்மா அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பூச்சிக்கு எண்ணத் தெரியுமாங்க?"

பிறகு அந்த அம்மாவே விவரம் சொன்னார்.

சின்ன வயதில் அக்காவுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு சுவர். விளக்கை அணைத்த பிறகு பேச்சுச் சத்தம் கேட்டால் அப்பா தோலை உரித்துவிடுவார். அதனால் இவர் சுவரில் மூன்று தட்டுவாராம். தூங்கிட்டியா என்று அர்த்தம். தம்பி இரண்டு தட்டுவானாம். இன்னும் இல்லை.

ஷெட்டைப் பெருக்கும்போது துடைப்பக் கட்டை ஒருநாள் காரில் மூன்று முறை இடித்திருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மகளிடம் சொன்னார். மகள் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, வேறொரு டாக்டரின் முகவரியை எழுதிக் கொடுத்தாராம். வண்டி விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்ததும் மகள்தான்.

தச்சர் மறுபடியும் மூன்று தட்டினார்.

இரண்டு.

அந்த அம்மா காரைப் பார்க்கவே இல்லை. தச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

தச்சர் தலையாட்டினார். அந்த அம்மா ஷெட்டின் படியில் மெல்ல உட்கார்ந்தார். எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் இருந்தது.

அதற்குள் தங்கை கணவர் வந்துவிட்டார். லாரி தாராளமாகத் திரும்புமாம். வேர்வையைத் துடைத்துக்கொண்டே, விலை பேசிவிடலாமா என்று கண்ணால் கேட்டார்.

"உள்ளே பூரா பூச்சி, மாப்பிள்ளை. வேணாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. மருந்தடித்தால் சரியாகாதா என்று கேட்டார். வேரே போன பல்லுக்குத் தங்கத்தில் உறை போடுவாயா என்று தச்சர் திருப்பிக் கேட்டார்.

 அந்த அம்மா தெருவரை வந்து வழியனுப்பினார். விளம்பரத்தை எடுத்துவிடச் சொல்லி மகளிடம் இன்றைக்கே பேசப்போவதாகச் சொன்னார்.

திரும்பும் வழி முழுக்கத் தச்சர் இடக்கையை மடியில் வைத்து, வலக்கையால் பொத்திக்கொண்டே வந்தார். என்ன மச்சான், கையில் அடிபட்டுவிட்டதா என்று தங்கை கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

அந்தத் தூணில் துளை என்று ஒன்றுகூட இல்லை. சீட்டில் ஒரு சிட்டிகை மரத்தூள் உதிர்ந்திருக்கவில்லை.

ஆனாலும் வண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, இரண்டாம் முறை வலக்கையால் தட்டும்போது இடது உள்ளங்கையைத் தூணின்மேல் அழுத்தி வைத்திருந்தார். உள்ளேயிருந்து தட்டினால் உள்ளங்கையில் அதிரும்.

அந்த இரண்டு தட்டும் புறங்கையில் விழுந்தன.